தீவகமும் வடகரையும்
(ஒரு துவிச்சக்கரவண்டி யாத்திரை)

துவிச்சக்கரவண்டியின் பெருமையை யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு எடுத்துரைப்பது கொல்லன் தெருவிலே ஊசி விற்பதை ஒக்கும். 1990 ஆம் ஆண்டின் பின்னர் வடபகுதிக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டிருந்த காலத்திலே, நெல்மூடையும் விறகுக் கட்டும் நோயாளியும் மணப்பெண்ணும் இவ்விரு சக்கரங்களின் மீதேறியே ஊர்விட்டு ஊர் சென்றனர். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிலே பிறந்த மின்சாரத்தைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்ட வீடுகளிலே வளர்ந்தவர் நாம். இன்றோ நமது கல்லூரியின் வண்டிக் கொட்டகையிலே மோட்டார்ச் சைக்கிள்களே மிகுதி. பழைய தேவை போயிற்று. பழைய வண்டி மட்டும் தாழ்வாரத்திலே சாய்ந்து நிற்கின்றது.

அவ்வண்டியைத் துடைத்து எண்ணெயிட்டுக்கொண்டு, சென்ற ஆவணி விடுமுறையிலே பதினொரு நாட்கள் கடற்கரையோரமாகச் சுற்றி வந்தோம். புவியியல் கற்பிக்கும் நாமும், கணிதங் கற்பிக்கும் நண்பர் ஒருவருமே யாத்திரிகர். பண்ணைத் தாம்போதியிலே தொடங்கித் தீவகம், வடகரை, வடமராட்சி கிழக்கு, பூநகரி, மன்னார் என்று சென்று தலைமன்னார்த் துறைமுனையிலே முடித்தோம். நானூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரம். கியர் பூட்டாத வண்டிகள். ஒட்டுப் பெட்டி ஒன்று, காற்றடிக்கும் பம் ஒன்று, ஆளுக்கு இரண்டு தண்ணீர்ப் போத்தல்கள். இவையே நம் உடைமை.

இப்பயணத்தின் போக்கை நிர்ணயித்தவை அத்தண்ணீர்ப் போத்தல்களே. ஆவணி வெயிலிலே மிதிப்பவனுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு போத்தல் போதாது. காரிற் செல்வோர் சந்திக் கடையிலே போத்தல் நீர் வாங்கிக்கொண்டு விரைந்துவிடலாம். மிதித்துச் செல்வோன் கடையில்லாத ஊர்களிலே யாரேனும் ஒருவருடைய படலையைத் தட்டியே தீரவேண்டும். தட்டிய பின் தண்ணீர் மாத்திரமா கிடைக்கும்? அவ்வூரின் கதையும் சேர்ந்தன்றோ வருகின்றது!

பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலணையூடாகப் புங்குடுதீவை நோக்கினோம். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதியை வாணர் பாலம் என்பர். இருமருங்கும் ஆழமற்ற கடல், வலைகட்டிய தடிகள், சோழகக் காற்று பக்கவாட்டில் வந்து வண்டியை நீருக்குள் தள்ளப் பார்க்கும். அக்கரை சேர்ந்ததும் நம் கண்ணிற் பட்டவை வீடுகள். தூண் நிறுத்திய விறாந்தையும் பூவேலைக் கதவும் உடைய பெரிய வீடுகள். அவற்றுட் பலவற்றிலே கூரையைப் பிளந்துகொண்டு ஆலும் வேம்பும் எழுந்து நிற்கின்றன. கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் வணிகஞ் செய்து பொருளீட்டிய தலைமுறை கட்டிய மனைகள் அவை. 1990 களின் தொடக்கத்திலே போரினால் ஊர் பெயர்ந்தபோது பூட்டப்பட்டவற்றுள் பல, பின்னர் திறக்கப்படவேயில்லை. பனம்பழம் விழும் பருவம் அது. பொறுக்குவாரின்றி வளவெங்கும் பழம் சிதறிக்கிடந்து மணத்தது.

ஆளரவம் கேட்ட ஒரு படலையைத் தட்டினோம். எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் வந்தார். கிணற்றடிக்குச் செல்ல எழுந்த நண்பரைத் தடுத்தார்.

"பொறுங்கோ தம்பி, உது குளிக்கிற தண்ணி, சவர். குடிக்கிறது குடத்துக்கை இருக்கு."

மூன்று பிள்ளைகள், ஒருவர் கனடாவிலே, இருவர் பிரான்சிலே. கோயில் திருவிழாவுக்கு வருவார்களாம். குடத்து நீரை அவர் செம்பிலே வார்த்த விதத்தைக் கண்டு நாம் ஒவ்வொருவரும் ஒரு செம்போடு நிறுத்திக்கொண்டோம். பவுசர் வண்டியிலே வரும் நீரை அளந்து செலவிடுபவரிடம் போத்தலை நீட்ட மனம் வருமா? அவரோ நாம் மறைத்த போத்தலை வாங்கி நிரப்பியே அனுப்பினார்.

இவ்விடத்தில் மாணவ வாசகர்களின் பொருட்டுச் சிறிது பாடஞ் சொல்லிச் செல்வது பொருந்தும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரியிலே மட்டுமே ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, நிலத்தடியிலுள்ள உவர்நீரின் மீது மிதந்து நிற்கின்றது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரினும் நாற்பதில் ஒரு பங்கே அதிகம். ஆகவே நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் உயர்ந்து நிற்குமாயின், கீழே ஏறத்தாழ நாற்பது சாண் ஆழம்வரை உவரை அழுத்தி வைத்திருக்கும். மேலேயுள்ள அந்த ஒரு சாணை இறைத்து முடித்துவிட்டால், நாளடைவில் கீழேயிருந்து நாற்பது சாண் உப்பு ஏறிவரும். புத்தூர் நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் அடியிலே உவர்நீரும் இருப்பது இம்முறையினாலேயே. சிறிய தீவுகளிலோ அந்த நன்னீர்ப் படலம் நடுவிலே சற்றுத் தடித்தும் கரையோரத்திலே மெலிந்தும் இருக்கும். ஊரின் நடுவிலே நல்ல கிணறும், ஓரத்திலே சவர்க் கிணறும் அமைவதன் காரணம் இதுவே. கரும்பலகையிலே இப்படத்தை எத்தனையோ தடவை வரைந்திருக்கின்றோம். அதன் பொருளை நாவினாலே படித்தது நெடுந்தீவிலேதான்.

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவு அண்மை. நாகபூஷணி அம்மனைத் தரிசித்துத் திரும்பி, மறுநாள் நெடுந்தீவுப் படகேறினோம். வண்டிகளைப் படகின் மேற்றட்டிலே கயிற்றினாற் பிணைத்தார்கள். சோழகத்திலே அக்கடல் சும்மா கிடப்பதில்லை. ஒரு மணித்தியாலம் அலை எற்றியதிலே கணிதாசிரியரின் முகம் வெளிறி, ஆறாம் வாய்பாட்டைக் கேட்டாலும் விடை வராத நிலையை அடைந்தார். மாவிலித்துறையிலே இறங்கியதும் முதலிற் செய்த வேலை, சங்கிலியிற் படிந்த உப்பைத் துடைத்து எண்ணெயிட்டதே.

துறையருகே ஒரு நினைவுச் சின்னம். 1985 மே 15 ஆந் தேதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட 'குமுதினி' என்னும் படகிலே, பெண்களும் குழந்தைகளும் உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட பிரயாணிகள் நடுக்கடலிலே வெட்டியும் குத்தியுங் கொல்லப்பட்டனர். நாம் வந்த கடல்வழியும் அதுவே. சிறிது நேரம் அங்கே நின்று, வண்டிகளை உருட்டிக்கொண்டு நடந்தோம்.

நெடுந்தீவு முருகைக்கல்லின் தேசம். வீதியின் இருமருங்கும் வளவுகளைச் சுற்றியும் சாந்தின்றி அடுக்கிய முருகைக்கல் மதில்கள் கண்ணுக்கெட்டிய தூரம் ஓடுகின்றன. கல்லிடுக்கினூடே காற்று புகுந்து செல்வதாற் போலும், எந்தப் புயலுக்கும் பெரும்பாலும் நிலைத்து நிற்கின்றன. ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரொன்றின் பெயரை இதற்கு இட்டு 'டெல்ப்ற்' என்றனர். நம்மவர் வாயிலே இன்றும் இது நெடுந்தீவே. சிதைந்த கோட்டையையும் புறாக்கூட்டையும் பெருக்கமரத்தையும் எல்லாப் பிரயாணிகளும் பார்த்து எழுதியிருப்பதால் நாம் அவற்றை விரிக்கவில்லை. குதிரைகளைப் பற்றி மட்டும் ஒரு சொல். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை இன்று கட்டாக்காலிகளாய்த் திரிகின்றன. படங்களிலே அவை வால் சிலிர்த்து ஓடும். ஆவணியிலே நாம் கண்டவை விலா எலும்பு தெரிய, வற்றிய குட்டையின் சேற்றை முகர்ந்துகொண்டு நின்றன. வறட்சி கடுமையான ஆண்டுகளிலே அவை நீரின்றி இறப்பதுமுண்டு.

தீவுக்கு நன்னீர் தரும் இடங்களுள் சாராப்பிட்டிக் கிணறுகள் பேர்பெற்றவை. அவ்வழியிலே, பின்னிருக்கையின் இருபுறமும் பிளாஸ்ரிக் கான்கள் தொங்கத் தண்ணீர் கொண்டுசெல்லும் துவிச்சக்கரவண்டிகள் பலவற்றை எதிர்கொண்டோம். நம் வண்டிகளுக்கும் அங்கே ஒரு மரியாதை உண்டாயிற்று; வழிகேட்டால் வெற்றுக் காருக்குச் சொல்வதுபோற் சொல்லாமல், கூடவே மிதித்து வந்து காட்டினர்.

நம்மை அன்றிரவு தங்கவைத்த பெரியவர் எண்பதை அண்மியவர். அவருடைய வளவிலே துலாக் கிணறு ஒன்று. அருகே சாக்கினாற் போர்த்த நீரிறைக்கும் மோட்டர் ஒன்று சும்மா கிடந்தது. காரணம் வினவினோம்.

"மோன் வெளியிலையிருந்து காசனுப்பிப் பூட்டினவன். அப்பு துலா மிதிச்சது போதும், இனிச் சுகமாய் இரு எண்டான். ரண்டு மாதம் நல்லாய்த் தான் ஓடினது. பிறகு ஒருநாள் காலமை ஆடு வாளியிலை வாய் வைச்சிட்டுத் திரும்பிப் பாத்தது. ஆடு குடியாத தண்ணியை நாங்களும் குடியம் தம்பி."

மோட்டரைக் கழற்றி வைத்தார். இரண்டு மாரி பொறுத்திருந்தார். மூன்றாம் ஆண்டு தை மாதத்திலே கிணறு பழையபடி இனித்தது. அன்று முதல் காலையிலே பத்து வாளி, மாலையிலே பத்து வாளி. அதற்குமேல் ஒரு வாளியும் அள்ளுவதில்லை. மகனுக்கு இதைச் சொன்னாரா என்று கேட்டோம். "அவன் ஆசையாய் அனுப்பினது. பூட்டிக் கிடக்கெண்டு தான் சொல்லியிருக்கிறன்" என்றார். நாற்பது சாண் கணக்கை நண்பர் அவருக்கு விளக்கத் தொடங்கினார். பெரியவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "ஆட்டைக் கேட்டிருந்தால் இவ்வளவு படிச்சிருக்கத் தேவையில்லை" என்றாரே பார்க்கலாம்!

மறுநாள் தற்செயலாக நம் பழைய மாணவி ஒருத்தியைச் சந்தித்தோம். அத்தீவின் பாடசாலையொன்றிலே இரண்டாண்டுகளாகக் கற்பிக்கின்றாள். வார இறுதியிலே கடல் அனுமதித்தால் வீடு செல்வாள். அவளுடைய வகுப்பிலே ஒன்பது பிள்ளைகள். அப்பிள்ளைகளைக் கொண்டு தீவின் படமொன்றை அவள் வரைவித்திருந்தாள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டைச் சூழவுள்ள கிணறுகளை வைகாசியிலும் ஆடியிலும் சுவைத்துப் பார்த்து, நல்ல தண்ணீரென்றால் நீலமும், சவரென்றால் பச்சையும், உவரென்றால் சிவப்பும் தீட்ட வேண்டும். வைகாசிப் படத்திலே நீலமாயிருந்த புள்ளிகள் சில ஆடிப் படத்திலே பச்சையாகியிருந்தன. பச்சை இரண்டு சிவப்பாகியிருந்தன. இருபதாண்டுக் காலம் நாம் கற்பித்த பாடத்தை ஒன்பது பிள்ளைகளின் நாக்கு இரண்டு மாதத்திலே வரைந்திருந்தது.

விடைபெறும்போது அவள் மெல்லக் கேட்டாள்: "சேர், இடமாற்றத்துக்கு எழுதச் சொல்லி வீட்டிலை ஒரே கரைச்சல். மாமா வேறை இங்கிலாந்துக்குக் கூப்பிடுறார். என்ன செய்யட்டும்?"

பட்டினத்திலே வீடும், பிள்ளைகளுக்குப் பட்டினத்துப் பாடசாலையும், ஒவ்வொரு மாலையும் மின்விசிறியின் கீழ் நாற்காலியும் உடைய நாம் 'தீவிலேயே இரு' என்று கூறுவது எளிது; அவளுடைய தாயின் முகத்தை நோக்கிக் கூறுவது எளிதன்று. 'போ' என்றால் அந்த ஒன்பது பிள்ளைகள்? தீவகத்துப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் வருவதும் போவதும் படகு வருவதும் போவதும் போலத்தான். யோசித்து எழுதுகிறோம் என்று மட்டும் சொல்லிப் படகேறினோம். கணிதாசிரியர் வழியிலே ஒரு கொப்பியும் மூன்று நிறப் பென்சில்களும் வாங்கினார். அன்று முதல் நாம் குடித்த கிணறுகளும் நிறம் பெற்றன.

புங்குடுதீவிலிருந்து வேலணை வழியே ஊர்காவற்றுறை. அத்துறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவிலே நிற்கின்றது போர்த்துக்கேயர் கட்டிய கடற்கோட்டை. இலங்கையின் வடிவம் பன்றித்தொடையைப் போன்றிருக்கக் கண்ட ஒல்லாந்தர், இக்கோட்டைக்கு அத்தொடையின் குதிப்பகுதி என்று பொருள்படப் பெயரிட்டனர். வயிற்றை மறவாத வீரர் போலும்! 1658 ஆம் ஆண்டிலே அவர்கள் முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்த போர்த்துக்கேயர் குடிநீர் இன்றியே சரணடைந்தனர். நாற்புறமும் நீர் சூழ்ந்த கோட்டை தாகத்தால் வீழ்ந்தது. 'பாதை' எனப்படும் மிதவையிலே வண்டிகளை ஏற்றிக் காரைநகர் சேர்ந்தோம்.

கீரிமலையிலே கடலுக்கும் கேணிக்கும் இடையே ஒரு சுவர்தான். அப்புறம் உப்பு, இப்புறம் நன்னீர். அங்கே நீராடியதிலே மூன்று நாட் களைப்பும் நீங்கிற்று. கொப்பியிலே நீலப்புள்ளி சற்றுப் பெரிதாக விழுந்தது.

வல்வெட்டித்துறையைத் துவிச்சக்கரவண்டிக்காரர் வணங்காமற் செல்லலாகாது. 1938 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளோசெஸ்ரர் துறைமுகத்தை அடைந்த 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் இவ்வூரிலே கட்டப்பட்டது. 1971 இலே பாக்கு நீரிணையை இருவழியும் நீந்திக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தன் இவ்வூரவர். அவரை நீச்சல்வீரராகவே பலரும் அறிவர். 1979 மே மாதத்திலே கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி 187 மணித்தியாலம் 28 நிமிடம் இடைவிடாது துவிச்சக்கரவண்டி ஓட்டி உலக சாதனை படைத்தவரும் அவரே. இச்செய்தியைக் கேட்டபின், முழங்கால் வலியைப் பற்றி நண்பர் இரண்டு நாள் பேசவில்லை.

பருத்தித்துறையையும், இலங்கையின் வடகோடியாகிய சக்கோட்டை முனையையும் கடந்து கிழக்கே திரும்பினால் ஊர் மாறுகின்றது, நிலமே மாறுகின்றது. மணற்காட்டிலே மணற் குன்றுகள், அவற்றுள் அரைவாசி புதைந்த பழைய தேவாலயச் சுவர்கள். மணல் சக்கரத்தை விழுங்குவதால் வண்டியைச் சில இடங்களிலே தோளிலே சுமந்தோம். ஆயினும் இம்மணல் கொடியதன்று. மழையை வாங்கித் தன்னுள் வைத்திருப்பது அது. கடலலை காதிற் கேட்கும் தூரத்திலே ஆழமற்ற மணற்கிணற்றிலே நல்ல தண்ணீர் குடித்தோம். மணலை அள்ளிச் செல்லும் லொறிகள் கிணற்றையும் சேர்த்தே அள்ளிச் செல்கின்றன என்று அங்கிருந்த மீனவர் கூறினார். 2004 டிசெம்பர் 26 ஆந் தேதிய ஆழிப்பேரலையிலே இக்கரை பட்ட பாட்டையும் அவரே சொன்னார். பல மாதங்களாகக் கிணறுகளிலே கடலே நின்றதாம்; இறைத்து இறைத்து ஊற்றியும் உப்பு அகலவில்லையாம். இன்று தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் நிற்கின்றது. 2024 இலே திறக்கப்பட்டது. குழாயிலே வரும் அந்நீருக்கு நண்பரின் கொப்பியிலே நிறம் இல்லை. நீண்ட விவாதத்தின் பின் கறுப்புப் பேனையினால் ஒரு வட்டம் இட்டோம்.

புதுக்காட்டுச் சந்தி, கொடிகாமம், சாவகச்சேரி என்று உள்நாடாகச் சென்று கேரதீவை அடைந்தோம். சங்குப்பிட்டிப் பாலம் 2011 தை மாதத்திலே திறக்கப்படுமுன், இங்கே கடல்நீரேரியைக் கடக்கப் படகும் பாதையுமே துணை. 288 மீற்றர் நீளமுள்ள பாலத்தை மூன்று நிமிடத்திலே கடந்துவிடலாம். சோழகம் முகத்திலே அடித்ததால் நமக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அதன் பின் பூநகரி, நாச்சிக்குடா, வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை என்று எண்பது கிலோமீற்றருக்கு மேல் எதிர்காற்று. இரண்டு நாட்களை அவ்வீதி விழுங்கிற்று. அதைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை. தலையைக் குனிந்து மிதித்தோம், அவ்வளவே. திருக்கேதீச்சரத்திலே பாலாவிக் கரையிலே படுத்து உறங்கியபோதுதான் காற்று ஓய்ந்தது.

மன்னார்த் தீவிலே கழுதைகளும் பெருக்கமரங்களும் வரவேற்கின்றன. பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர்; நாம் இருவரும் கைகோத்துச் சுற்ற முயன்று கழுதைகளுக்கு வேடிக்கையானோம். எருக்கலம்பிட்டியிலே ஒரு வீட்டுப் படலையைத் தட்டினோம். 1990 ஒக்டோபரிலே வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுள் அவர்களுடையதும் ஒன்று. புத்தளத்திலே இருபதாண்டுகள் கழித்துத் திரும்பியபோது வீட்டிலே கூரையில்லை, கதவில்லை. கிணறு மட்டும் புதர் மூடிக் கிடந்ததாம். "முதலிலை கிணத்தைத் தான் இறைச்சம். தண்ணி நல்லாயிருந்தா இருக்கலாம் எண்டு வாப்பா சொன்னார்" என்றார் வீட்டுக்காரர். அந்தத் தண்ணீரையும் இஞ்சித் தேநீரையும் குடித்து, பெரிய நீலப்புள்ளி இரண்டாவதையும் இட்டோம்.

தென்கரையிலே 2020 இலே இயங்கத் தொடங்கிய காற்றாலைகள் முப்பதும், நம்மை வாட்டிய அதே சோழகத்தை உண்டு சுழன்றுகொண்டிருந்தன. பேசாலையைக் கடந்து தலைமன்னார். 1914 இலே தொடங்கிய இந்திய – இலங்கைப் புகையிரதப் படகுச் சேவையின் இக்கரைத் துறை இதுவே. 1964 டிசெம்பர்ப் புயல் அக்கரையிலே தனுஷ்கோடியை அழித்தது. எஞ்சிய கப்பற் சேவையும் 1980 களிலே நின்றது. துருப்பிடித்த துறைமுனையிலே வண்டிகளைச் சாய்த்துவிட்டு, மணற்றிட்டுகள் தொடங்கும் திசையை நோக்கி அமர்ந்தோம். நண்பர் கொப்பியைக் கூட்டினார்: கிணறுகள் 41, நீலம் 17, பச்சை 15, சிவப்பு 9.

இவ்வழியே செல்ல விரும்பும் மாணவர்கள் தை, மாசி மாதங்களைத் தெரிவு செய்க. காற்றும் வெயிலும் தணிந்திருக்கும், கிணறுகளும் நிறைந்திருக்கும். நெடுந்தீவுக்கு முதற் படகிலே செல்வது நன்று. உப்புக் காற்றிலே சங்கிலி ஒரே இரவிலே சிவக்கும், எண்ணெயை மறவற்க.

நாம் எழுதிய கடிதம் போய்ச் சேருமுன்னரே நெடுந்தீவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கார்த்திகை மழை தொடங்கிவிட்டதாம். தைப் பொங்கலின் பின் பிள்ளைகள் மூன்றாவது படத்தைத் தீட்டத் தொடங்குவார்களாம். நீலப் பென்சில்கள் தீவிலே முடிந்துவிட்டன, ஒரு பெட்டி அனுப்புவீர்களா என்று கேட்டிருந்தாள்.